ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுங்கள்

பாளையங்கோட்டையில் அருமைநாயகத்தைப் போலப் பிழை பார்க்கிற ஆள் இன்னொருவர் பிறந்து வரவேண்டும் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலிடத்து உத்தரவில் ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தால் போதும், அதனால் எந்த வாத்தியாருக்குச் சம்பளம் ஏறும், எவருக்கு மாறுதல் வரும் என்று பிட்டுப் பிட்டு வைப்பார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு டாக்டர் எதிரே உட்கார்ந்து நல்ல தமிழில் சொன்ன ஒரே ஒரு பேச்சு விளங்காமல் போயிற்று. விளங்காமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. தலைகீழாக விளங்கித் தொலைத்தது.

"இனிமே பத்தியம் எல்லாம் பாக்க வேண்டாம் சார். அம்மா என்ன ஆசைப்படுதாங்களோ, அதை வாங்கிக் குடுங்க" என்றார் டாக்டர்.

இந்த ஊரில் பஸ்ஸுக்குள் ஏறிக் கடலை மிட்டாய் விற்கிறவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அடப் பாவமே, வீட்டுல யாருக்கு?" என்று கேட்பான். அருமைநாயகம் என்ன செய்தார் தெரியுமா? முகமெல்லாம் பல்லாக எழுந்து நின்று டாக்டருக்குக் கை கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பாக்கியவதி, "சரிங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னாள். வெளியே வரும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவர் கையைப் பிடித்து நடந்தவள் இல்லை அவள். உடம்பு தள்ளாடுகிறது, அதனால் பிடிக்கிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

பாக்கியவதி தையல் டீச்சராக இருந்தவள். வயிற்றுக்குள் வந்த கட்டியை வெட்டியெடுத்து, மருந்து ஏற்றி, மறுபடியும் மருந்து ஏற்றி, அது ஈரலுக்கும் போய்விட்டது என்று கண்டுபிடித்த பிறகுதான் டாக்டர் அப்படிச் சொன்னார். அத்தனை நாளும் எண்ணெய் கூடாது, புளி கூடாது, பழத்தைக்கூட வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று ஆயிரம் சட்டம். இப்போது ஒரு சட்டமும் இல்லை என்றால் சீக்கு இறங்குமுகம் என்றுதானே அர்த்தம்? ஆபீஸ் மூளை அப்படித்தான் போயிற்று. தடையை நீக்கி உத்தரவு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "டாக்டரே சொல்லிட்டார், ஆசைப்பட்டதைக் குடுக்கலாம்னு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தார்கள். "ஆண்டவர் பார்த்துக்கிடுவார்" என்று தோளைத் தொட்டார்கள். மறுநாள் தொடங்கி ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாகக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு வந்து பாக்கியவதியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சபைக் குருவான ஐயர் வந்து நீளமாக ஜெபம் பண்ணினார். நம்முடைய சந்தோஷத்துக்கு எத்தனை ஜனம் என்று பூரித்துப் போனார் அருமைநாயகம். ஓசூரில் வேலை பார்க்கிற மகள் டார்லின் போனில் அழுகிற குரலில், "அப்பா, நான் லீவு போட்டுட்டு வந்துரட்டா?" என்று கேட்டாள். "எதுக்குட்டி? இப்பத்தான் நல்ல காலம் பொறந்திருக்கு. லீவை வேஸ்ட் பண்ணாத" என்று அவளையும் அதட்டிவிட்டார்.

ஆனால் பாக்கியவதி எதற்கும் ஆசைப்பட்டால்தானே?

"பாக்கியம், என்ன சாப்பிடணும்போல இருக்கு?"

"ஒண்ணும் இல்லங்க."

"அல்வா?"

"வேண்டாம்."

"சீலா மீனு? கேட்டு வாங்கிட்டு வாறேன். ஆப்பம்? பாயா?"

"வேண்டாங்க. நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

அதுதான் அந்த வீட்டின் பெரிய சிக்கல். அருமைநாயகத்துக்குச் சமைக்கத் தெரியாது. தெரியாது என்றால் வெந்நீர் எந்த நேரத்தில் கொதித்தது என்று கண்டுபிடிக்கிற அளவுக்குக்கூடத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு மெஸ்ஸில் தின்று வாங்கிய வயிற்றுப்புண் வேறு. உறைப்பு ஆகாது, புளிப்பு ஆகாது, பழைய எண்ணெய் பட்டால் ராத்திரி முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாக்கியவதி அந்த வயிற்றுக்கென்றே ஒரு சமையலை உண்டாக்கி வைத்திருந்தாள். மிளகாய் போடுகிற இடத்தில் மிளகு, புளி போடுகிற இடத்தில் மோர். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் வெளியே ஒரு வேளை சாப்பிட்டது கிடையாது. டிபன் கேரியர் இல்லாமல் அவரைப் பார்த்தவர்களும் கிடையாது. இப்போது சமையலுக்கு ஒரு அம்மாளை வைத்தார்கள். அவள் கடுகு தாளித்த வாடைக்கே பாக்கியவதிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளும் நின்றுபோனாள். அருமைநாயகம் ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டு, சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் நச்சரிப்புத் தாங்காமலோ என்னவோ, ஒருநாள் காலையில் பாக்கியவதி அவளாகவே வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போற வழியில வேன்ல சோறு விக்காங்கல்லா? வீட்டுச் சாப்பாடுன்னு போர்டு போட்டு? அதுல ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்க."

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆசைப்பட்டுவிட்டாள்! அல்வாவும் வேண்டாம் ஆப்பமும் வேண்டாம், வண்டிச் சோற்றுக்கு ஆசைப்பட்டுவிட்டாள். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூட ஆய்வுக்குப் போகிற தோரணையில் கிளம்பினார்.

பாளையங்கோட்டையில் இப்போது மத்தியானமானால் ரோட்டோரம் எல்லாம் வண்டிதான். குட்டியானையின் பின்பக்கத்தைத் திறந்து பலகை போட்டு ஒரு கடை, ஆம்னி வேனின் டிக்கியைத் தூக்கிவிட்டு ஒரு கடை. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்கு வருகிற கூட்டத்தை நம்பி நாலு வண்டி. வண்ணார்பேட்டையில் துணிக்கடைப் பிள்ளைகளை நம்பி ஒரு வரிசை. அருமைநாயகம் அதுவரை அவற்றைக் கண்கொண்டு பார்த்தது கிடையாது. முதல் நாள் கொக்கிரகுளத்தில் ஒரு எலுமிச்சைச் சாதம் வாங்கினார். நின்று தின்றுகொண்டிருந்த பழைய வாத்தியார் ஒருவர், "சார்வாளா? இங்கனயா?" என்று வாயைப் பிளந்தார். "வீட்டுல ஆசைப்பட்டா" என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

பாக்கியவதி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம். அப்புறம் பொட்டலத்தைப் பிரித்து முதலில் முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் வைத்தாள். நாக்கால் அங்கேயும் இங்கேயும் புரட்டிப் பார்த்தாள். இன்னொரு வாய்.

"வத்தல் மிளகாயை அள்ளித் தட்டியிருக்கான். இது சரிப்படாது. மிச்சத்தை நீங்க சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம், "நெஞ்சு கரிக்கா?" என்று கேட்டாள். லேசாகக் கரிக்கிறது என்றார். "நாளைக்கு வேற வண்டியில பாருங்க" என்றாள்.

இப்படித் தொடங்கியது. தினமும் ஒரு வண்டி. வண்ணார்பேட்டைச் சாம்பார் சாதத்தில் சோடா உப்பு போட்டுப் பருப்பை வேகவைத்திருக்கிறான் என்று ஒரே வாயில் சொன்னாள். மகாராஜநகரில் வாங்கிய உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நன்றாகத்தான் இருந்தது. அவளே சொன்னாள், "நல்லாத்தான் இருக்கு. ஆனா தினமும் உளுந்தா திங்க முடியும்?" தினமும் யார் தின்னப் போகிறார்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பெருமாள்புரத்து மீன்குழம்பில் புளி தூக்கல். இன்னொரு வண்டியில் நேற்றைய எண்ணெய். போகும்போதே கேள்வி சொல்லி அனுப்புவாள். என்ன எண்ணெய் என்று கேளுங்கள், புழுங்கலா பச்சையா என்று கேளுங்கள், வீட்டில் பொங்கிக் கொண்டுவருகிறார்களா வண்டியிலேயே பொங்குகிறார்களா என்று கேளுங்கள். இவர் கேட்கிற கேள்வியில் ஒரு வண்டிக்காரன் பயந்துபோய், சுகாதாரத்துறை ஆள் என்று நினைத்து உள்ளே உட்காரச் சொல்லி மோர் கொடுத்தான்.

இரண்டு வாய்க்கு மேல் அவள் எதையும் தின்னவில்லை. அருமைநாயகத்துக்கு அதுதான் மனதை அறுத்தது. இரண்டு வாய் மூன்று வாயானால் போதும், மூன்று நாலாகும், நாலு ஒரு கையாகும், கை ஒரு தட்டாகும், தட்டானால் பாக்கியம் எழுந்து நடந்துவிடுவாள். அவருடைய நம்பிக்கை எல்லாம் அந்த மூன்றாவது வாயில் வந்து நின்றிருந்தது. சித்திரை வெயிலில் தார்ரோடு கொதிக்க, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டி வண்டியாக அலைந்தார்.

சமாதானபுரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்ற வண்டியை அப்படித்தான் கண்டுபிடித்தார். சுடலைவடிவு என்ற பொம்பளை நடத்துகிற வண்டி. புருஷன் காலையில் வண்டியை ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பான். அவள் ஒற்றை ஆளாக அள்ளிப் போடுவாள். அன்றைக்குச் சுரைக்காய்க் கூட்டு, மோர்க்குழம்பு, மிளகு ரசம். கடலை எண்ணெய்தான், புழுங்கல்தான், வீட்டில் பொங்கியதுதான் என்று கேட்கிற முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

பாக்கியவதி ஒரு வாய் வைத்தாள். இரண்டாவது வாய் வைத்தாள். நாக்கைப் புரட்டவில்லை. மூன்றாவது வாய்க்குக் கை போயிற்று. அருமைநாயகம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். நாலாவது வாயும் உள்ளே போனது.

"கை நல்ல கை" என்றாள். "நாளைக்கும் அங்கனயே வாங்குங்க."

அன்றைக்கு அவர் புறவாசலில் போய் நின்று, கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு, வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னார்.

மறுநாள் சந்தோஷத்தை அடக்க முடியாமல் சுடலைவடிவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "எங்க வீட்டம்மாவுக்கு ஒரு வண்டிச் சோறும் பிடிக்கல. உன் சோறைத்தான் நாலு வாய் தின்னா. ஈரல்ல சீக்கு. இப்ப தேவலை. டாக்டரே சொல்லிட்டாரு பாத்துக்கோ, பத்தியம் கிடையாது, ஆசைப்பட்டதை வாங்கிக் குடுங்கன்னு."

சுடலைவடிவின் கரண்டி சட்டியிலேயே நின்றது. அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வண்டியை விட்டு இறங்கி வந்தாள்.

"அண்ணாச்சி, நான் கடையை எடுத்து வச்சிட்டு ஒரு எட்டு வந்து அக்காவைப் பாத்துட்டுப் போட்டா?"

"நீ எதுக்கும்மா? முன்னப்பின்ன பழக்கமா?"

"பழக்கம் இல்லதான். ஆனா நம்ம கைச்சோறு திங்காவல்லா." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்க மாமனாருக்கும் டாக்டர் இதையேதான் அண்ணாச்சி சொன்னாவ. அவிய பனங்கிழங்கு கேட்டாவ. காலம் இல்லாத காலத்துல எங்கன போய் வாங்க? வாங்கிக் குடுக்காமலே அனுப்பிட்டோமேன்னு இன்னைக்கும் எனக்கு ஆறல. அக்கா எதைக் கேட்டாலும் சொல்லுங்க, நான் செஞ்சு தாறேன்."

'அனுப்பிட்டோமே' என்ற சொல்தான் அவரைப் பிடித்து நிறுத்தியது. அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசியது. கோயில் வாசலில் தோளைத் தொட்டவர்கள். ஆப்பிள். ஐயரின் நீள ஜெபம். டார்லினுடைய குரல். தெருவில் அவர் கையைப் பிடித்துக்கொண்ட கை. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. பாக்கியத்துக்கும் தெரிந்திருக்கிறது. அவர்தான் தன் பெண்டாட்டி சாகப்போகிறாள் என்று வாசலில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டு ஊருக்கு அறிவித்திருக்கிறார்.

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எப்படி நடந்தார் என்று தெரியாது. ஒரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தார். பஸ்கள் வந்தன, போயின. மடியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அழுகைகூட வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்ததும்தான் எழுந்தார்.

வீட்டில் பாக்கியவதி நேற்றைப் போலவே நாலு வாய் தின்றாள். மிச்சத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் சோற்றை மென்றுகொண்டிருக்கும்போது கேட்டாள்.

"நேத்து ராத்திரி நெஞ்சு கரிச்சுதா?"

"இல்ல."

"பாத்தீங்களா? அந்தப் பொம்பள ஞாயித்துக்கிழமையும் கடை போடுவாளா?"

"தெரியல. ஏன்?"

"கேட்டு வச்சுக்கிடணும்லா. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு என்ன செய்வா? வண்டி வருமா? ஒருநாள் வராட்டா வீட்டுல போய் வாங்கிக்கிடலாமான்னு கேளுங்க. வீடு எங்கன இருக்குன்னு கேளுங்க."

அருமைநாயகத்தின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நடப்பதோ சித்திரை. ஐப்பசி மழைக்கு இந்தக் கட்டிலில் யார் இருக்கப் போகிறார்கள்? யாருக்கு இவள் சோறு தேடுகிறாள்? வத்தல் மிளகாய், புளி, பழைய எண்ணெய் என்று அவள் தள்ளியதெல்லாம் எந்த வயிற்றுக்கு ஆகாதது? பாக்கியவதிக்கு ஆசை இல்லை என்று யார் சொன்னது? ஒன்று இருந்திருக்கிறது. அதைத்தான் இத்தனை நாளும், குமட்டுகிற வயிற்றில் ஊரில் உள்ள வண்டிச் சோற்றையெல்லாம் இரண்டிரண்டு வாய் போட்டுப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த நிமிஷத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். நல்லதா கெட்டதா என்று நீங்களே சொல்லுங்கள்.

"ஞாயித்துக்கிழமை கிடையாதாம்" என்றார். "மழைக்கும் வரமாட்டாளாம். நான் முன்னாலயே கேட்டுட்டேன்."

இப்போதுதானே தெரியாது என்றார்? பாக்கியவதி அதைக் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காததுபோல இருந்துகொண்டாள். "அப்படியா" என்றாள். முகம் வாடிப்போயிற்று. "அப்ப சரிப்படாது. வேற பாருங்க."

அவருடைய கணக்கு இதுதான். பாக்கியவதி ஒரு வேலையை எடுத்தால் முடிக்காமல் விடுகிறவள் இல்லை. பாதி தைத்த சட்டையை மிஷினில் வைத்துவிட்டு அவள் படுக்கப் போய் அவர் பார்த்ததில்லை. காஜா எடுத்து, பொத்தான் வைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்த பிறகுதான் எழுந்திருப்பாள். ஆகவே இந்தத் தேடலும் முடியாதவரை அவள் போகமாட்டாள். சின்னப்பிள்ளைக் கணக்குதான். பிழை பார்த்தே பேர் வாங்கியவர் இந்தக் கணக்கில் மட்டும் பிழை பார்க்க மறுத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பாளையங்கோட்டையில் எந்த வண்டியில் சோறு கேவலமாக இருக்கும் என்று விசாரிக்கத் தொடங்கினார். ஆட்டோ ஸ்டாண்டில் போய்க் கேட்டார். "நல்ல கடையைத்தான் எல்லாரும் கேப்பாங்க, நீரு என்னவே இப்படிக் கேக்கீரு?" என்று சிரித்தார்கள். கூட்டம் இல்லாத வண்டியாகப் பார்த்து நின்றார். ஈ மொய்க்கிற சட்டியாகப் பார்த்து வாங்கினார். சமாதானபுரத்துப் பக்கம் மட்டும் போகவே இல்லை. சுடலைவடிவு கண்ணில் பட்டுவிடுவோமோ என்று இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போனார்.

பாக்கியவதி ஒவ்வொன்றையும் வாயில் வைத்தாள். "ஏங்க, இது நேத்து சோறு." "இது மஞ்சள்பொடி இல்லங்க, ஏதோ கலர் பொடி." "உங்களுக்கு நல்ல கடையே கண்ணுல படாதா?" அவள் முகம் சுளிக்கச் சுளிக்க இவருக்கு உள்ளே ஒரு நிம்மதி. இன்றைக்கு இல்லை. இன்னும் ஒருநாள். மத்தியானம் வெளியே கிளம்பும்போது, ஆண்டவரே, இன்றைக்கும் அவளுக்குப் பிடிக்காமல் போகட்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டுதான் செருப்பை மாட்டுவார். எந்தப் புருஷனாவது இப்படி ஒரு ஜெபம் பண்ணியிருப்பானா?

ஆனால் அந்தக் கெட்ட சோறு அவள் வயிற்றுக்குள் அல்லவா போகிறது. தின்ற இரண்டு வாயையும் சில நாள் வாந்தி எடுத்தாள். அவர் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், முதுகைத் தடவிக் கொடுப்பார், வாயைத் துடைத்துவிடுவார். சட்டியைக் கழுவப் புறவாசலுக்குப் போகும்போது அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வார். பாவி, பாவி என்று அவரை அவரே திட்டிக்கொள்வார். மறுநாள் மறுபடியும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் வயிறும் கிழிந்துகொண்டிருந்தது. நெஞ்சு கரிக்கிறதா என்று அவள் கேட்டால் ஆமாம் என்பார். அது ஒன்றுதான் அவர் அவளிடம் சொன்ன உண்மை.

அப்படியும் அவள் தேய்ந்துகொண்டேதான் போனாள். நான் சோறு தேடிக்கொண்டிருக்கிறேன், அதுவரை பொறு என்றால் சீக்கு கேட்குமா? இரண்டு வாய் ஒரு வாயாயிற்று. ஒரு வாய் ஒரு ஸ்பூன் நுனியாயிற்று. வலிக்கு ஊசி போட வருகிற நர்ஸ் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். டார்லின் ஒன்றும் கேட்கவில்லை, "வெள்ளிக்கிழமை கிளம்பி வாறேம்பா" என்று மட்டும் போனில் சொன்னாள். இந்தத் தடவை அவர் அதட்டவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தார். அங்கே ஒரு வண்டி. லாரிக்காரர்கள்கூட அதில் ஒரு தடவைக்கு மேல் சாப்பிடுவதில்லை என்று கேள்வி. சாம்பார் அடிப்பிடித்த வாடை ரோட்டுக்கே வந்தது. சோறு நடுவில் அரிசியாக இருந்தது. வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தார்.

பாக்கியவதியைத் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருந்தது. உடம்பில் எடையே இல்லை. ஜெபத்துக்கு உதடு மட்டும் அசைந்தது. அவர் ஸ்பூன் நுனியில் கொஞ்சம் எடுத்து அவள் நாக்கில் வைத்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அடிப்பிடித்திருக்கிறது என்று சொல்லப் போகிறாள், இதோ சொல்லப் போகிறாள் என்று அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியல."

"என்ன தெரியல?"

"உப்பு தெரியல. உறைப்பு தெரியல. வாடையும் எட்டல." கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் அழுது அவர் பார்த்தது அந்தச் சீக்குக் காலத்திலேயே அதுதான் முதல் தடவை. "நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க. எனக்கு முடியலங்க. உங்களுக்கு ஒத்துக்கிடும்னா இதோட வச்சுக்கிடுவோம். இன்னும் எத்தனையைத்தான் நான் பாக்க?"

அருமைநாயகம் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். கரி. புகை. வேகாத அரிசி பல்லில் கடிபட்டது. துப்ப வேண்டும்போல இருந்தது. நன்றாக இல்லை, வேறு பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு இன்னொரு பொட்டலம் வரும், அவளை இன்னொரு தடவை தூக்கி உட்கார வைக்கலாம், அவளும் உட்காருவாள். அவர் சொன்னால் உட்காருவாள். அதுதான் அவரைக் கொன்றது.

அவர் மென்று விழுங்கினார்.

"நல்லாயிருக்கு பாக்கியம்."

"உறைப்பு?"

"இல்ல. மிளகுதான் போட்டுருக்கான்."

"ஞாயித்துக்கிழமை?"

"உண்டாம்."

"மழைக்கு?"

"மழைக்கும் உண்டாம். கேட்டுட்டேன்."

"அப்ப சரி" என்றாள். தலையணையில் சாய்ந்தாள். நெற்றியில் எப்போதும் இருந்த சுருக்கம் மெல்ல விட்டது. அவர் அடுத்த பிடியை அள்ளினார். அதற்கடுத்த பிடியையும் அள்ளினார். கண்ணீர் மூக்கில் இறங்கிச் சோற்றில் விழுந்தது. நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும், அதனால் நிறுத்தவில்லை. அவள் பாதிக் கண்ணைத் திறந்து அவர் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பைய சாப்பிடுங்க" என்றாள்.

அவர் பையத்தான் சாப்பிட்டார்.